எப்.ஐ.ஆரில் உள்ள பிரிவுகளைக் கூட்டினால் 14 வருடம் வருகிறது. தம்பி உள்ளே போய்விடுவானா?

ஆச்சி ஒருவர் கடிதத்தில் எழுதியிருப்பதன் சுருக்கம் இதுதான். தேவகோட்டைப் பக்கத்து ஊரில் ஐயா காலத்து வீடு. இவர்களுக்கும் பெரியப்பா மக்களுக்கும் பொது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் தம்பி படைப்புக்கு, அதாவது முன்னோர் வழிபாட்டுக்கு, ஊருக்கு வந்தவர், இரண்டாங்கட்டில் (வீட்டின் இரண்டாவது முற்றப் பகுதியில்) பூட்டிக் கிடந்த அறையைத் திறந்துவிடச் சொல்லியிருக்கிறார். பெரியப்பா மகன் சாவி தர மறுத்ததும் பூட்டை உடைத்து உள்ளே போய்விட்டார். வாய்த் தகராறு கைகலப்பாகி, பெரியப்பா மகனுக்கு உதட்டில் காயம். மறுநாள் எப்.ஐ.ஆர். பிரிவுகள்: பாரதிய நியாய சன்ஹிதா 329(4), 296(பி), 115(2), 351(3), அதோடு டி.என்.பி.பி.டி.எல். எனப்படும் தமிழ்நாட்டுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம் 3(1). கணினி மையத்தில் ஒருவர் எல்லாவற்றையும் கூட்டி 14 வருடம் 3 மாதம் என்று சொல்லிவிட்டார். வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை.

முதலில் அந்தக் கூட்டலை விட்டுவிடுங்கள், ஆச்சி. அந்தக் கணக்கு நடக்கவே நடக்காது. ஏன் என்று சொல்கிறேன். அந்த ஐந்து பிரிவுகளில் நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது கடைசியாக எழுதப்பட்டிருக்கும் ஒன்றைத்தான். அதைப் பற்றித்தான் யாரும் உங்களிடம் பேசவில்லை என்று தெரிகிறது.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. எண்கள் மாறின. பழைய ஆட்கள் 448, 294(பி), 323, 506(2) என்று சொல்வார்கள். உங்கள் எப்.ஐ.ஆரில் இருப்பது அதே நான்குதான், புது எண்ணில். 329(4) வீட்டுக்குள் அத்துமீறி நுழைதல்: ஒரு வருடம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 296(பி) ஆபாசமாகத் திட்டுதல்: 3 மாதம் வரை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 115(2) சாதாரணக் காயம்: ஒரு வருடம் வரை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 351(3) கொலை மிரட்டல்: 7 வருடம் வரை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

இதில் கவனிக்க வேண்டியவை ‘வரை’ என்பதும் ‘அல்லது’ என்பதும். சட்டம் எழுதுவது உச்சவரம்பை. நான்கு பிரிவிலும் சிறையே இல்லாமல் வெறும் அபராதத்தோடு முடிக்க நீதிபதிக்கு அதிகாரம் இருக்கிறது. ‘சிறையும் அபராதமும்’ என்று எழுதிய பிரிவு என்றால் நிலைமை வேறு. ‘இத்தனை வருடத்துக்குக் குறையாமல்’ என்று இருந்தால் இன்னும் வேறு. யார் கையில் எப்.ஐ.ஆர் கிடைத்தாலும், வருடத்தை எண்ணுவதற்கு முன் இந்த மூன்றில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது, வழக்கு எந்த நீதிமன்றத்தில் நடக்கும் என்பது. உங்கள் தம்பி வழக்கில் உள்ள பிரிவுகளை நீதித்துறை நடுவரே, அதாவது மாஜிஸ்திரேட்டே விசாரிப்பார். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 23-ன்படி முதல் வகுப்பு நடுவர் ஒரு குற்றத்துக்கு 3 வருடத்துக்கு மேல் சிறை கொடுக்க முடியாது. 351(3)-இல் 7 வருடம் என்று அச்சாகியிருந்தாலும் அவர் கையில் அது 3 வருடம்தான். பல பிரிவுகளில் தண்டனை வந்தால், எல்லாவற்றையும் ஏககாலத்தில் அனுபவிக்கலாம் என்று உத்தரவிடுவதே இப்படிப்பட்ட வழக்குகளில் வழக்கம். ஒன்றன்பின் ஒன்றாக என்று சொன்னாலும், மொத்தம் அந்த நடுவரின் அதிகாரத்தைப் போல இரு மடங்குக்கு, அதாவது 6 வருடத்துக்கு மேல் போகக்கூடாது என்று பிரிவு 25 தடுக்கிறது. தன் அதிகாரம் போதாது என்று நடுவர் நினைத்தால் தலைமை நீதித்துறை நடுவருக்கு அனுப்பலாம், உண்மைதான். உதட்டுக் காயத்துக்கு யாரும் அனுப்ப மாட்டார்கள்.

இன்னொன்று. எப்.ஐ.ஆரில் எழுதியிருப்பது இன்னும் குற்றச்சாட்டு ஆகவில்லை. புகாரைக் கேட்டு நிலைய அதிகாரி போட்ட பிரிவுகள் அவை. விசாரணை முடிந்து இறுதி அறிக்கை போடும்போது சில விழும், சில சேரும். அப்புறம் நீதிமன்றம் குற்றச்சாட்டு வனையும்போது நீதிபதி தன் பங்குக்குப் பார்ப்பார். இந்த மூன்று படிகளிலும் நமக்குப் பேச இடம் உண்டு. சேரக்கூடியதையும் சொல்லிவிடுகிறேன், மறைக்கக் கூடாது. பெரியப்பா மகனின் மருத்துவ அறிக்கையில் பல்லோ எலும்போ உடைந்ததாக வந்தால் 115 என்பது 117(2) ஆகும்: கொடுங்காயம், 7 வருடம் வரை சிறையும் அபராதமும். பூட்டை உடைத்த கடப்பாரையால்தான் அடித்தார் என்று வாக்குமூலம் வந்தால் 118(1), அது 3 வருடம் வரை, நிலையத்தில் உரிமையாக ஜாமீன் கேட்க முடியாத வகை. அதனால் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ அவர் எந்த மருத்துவமனையில் காட்டினாரோ, அங்கே போட்ட விபத்துப் பதிவேட்டு நகலில், அதாவது ஏ.ஆர். காப்பியில், என்ன எழுதியிருக்கிறது என்பதை உங்கள் வக்கீல் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் நாள் டாக்டரிடம் அவர் சொன்னது ‘கையால் அடித்தார்’ என்றிருந்தால், பிறகு கடப்பாரை வருவது கடினம்.

இப்போது அந்தக் கடைசிப் பிரிவுக்கு வருகிறேன்.

குற்றவியல் சட்டம் அரசியலமைப்பின் பொதுப்பட்டியலில் இருக்கிறது. நாடு முழுவதுக்கும் ஒரு சன்ஹிதா இருந்தாலும் மாநிலம் தனியாகச் சட்டம் போடலாம், தமிழ்நாடு நிறையவே போட்டிருக்கிறது. 1937-இன் மதுவிலக்குச் சட்டம், 1982-இன் குண்டர் சட்டம், மீட்டர் வட்டி, கந்து வட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லித் தடுக்கும் 2003-இன் சட்டம் எல்லாம் இந்த வகை. கந்து வட்டிக்கு 3 வருடம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். கொடுக்கல் வாங்கலில் பிழைத்த நம் சீமையில் இது பலருக்கும் தெரிந்திருக்க வேண்டிய சட்டம்.

டி.என்.பி.பி.டி.எல். என்பது 1992-இல் வந்த தமிழ்நாட்டுச் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டம். பஸ் எரிப்பு, கல்லெறிதல் போன்றவற்றை மனதில் வைத்து, பொதுச் சொத்துக்காக வந்தது. 1994-இல் திருத்தி ‘பொது’ என்பதை எடுத்தார்கள். அன்றிலிருந்து தனியார் சொத்துக்கும் அது பொருந்துகிறது. பிரிவு 3 என்ன சொல்கிறதென்றால், 100 ரூபாயோ அதற்கு மேலோ சேதம் விளைவித்தால் ஒரு வருடத்துக்குக் குறையாமல் 5 வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு.

நியாய சன்ஹிதாவின் கீழ் வெறும் சேதம் விளைவித்ததற்கு, 324(2)-இல், 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம். அதே பூட்டு, அதே கதவு. மாநிலச் சட்டத்தில் போட்டால் குறைந்தபட்சமே ஒரு வருடம். இன்னும் பெரிய வித்தியாசம் ஜாமீனில். நியாய சன்ஹிதாவுக்கு வெளியே உள்ள சட்டங்களில், 3 வருடமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்கள் போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடியவை, நிலையத்தில் உரிமையாக ஜாமீன் கேட்க முடியாதவை என்பது பொது விதி. 329(4), 296(பி), 115(2) மூன்றுமே நிலையத்திலேயே ஜாமீனில் விட வேண்டியவை. 3(1) சேர்ந்ததும் அந்த வழி அடைபடுகிறது. பங்காளிச் சண்டைகளில் இந்தப் பிரிவை இவ்வளவு எளிதாகச் சேர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. கலவரத்தை அடக்கப் போட்ட சட்டத்தை ஒரு பூட்டுக்குப் பயன்படுத்துவது சட்டத்தின் நோக்கத்தைத் தாண்டிப் போவது. ஆனால் நடைமுறை இதுதான் என்பதால் அதை எதிர்கொண்டே ஆக வேண்டும்.

‘எங்கள் வீட்டுப் பூட்டை நாங்கள் உடைத்தால் என்ன குற்றம்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி, பதில் மட்டும் நீங்கள் நினைக்கிற அளவு நேரானதில்லை. தனக்கும் மற்றவருக்கும் பொதுவான சொத்துக்குச் சேதம் செய்தாலும் அது குற்றம்தான் என்று சேதம் பற்றிய பிரிவின் விளக்கமே சொல்கிறது. அதனால் ‘எனக்கும் பங்கு உண்டு’ என்பது மட்டும் போதாது. தவறான நட்டம் விளைவிக்கும் எண்ணம் இருந்ததா என்பதே கேள்வி. தன் பொருளை எடுக்க, தனக்கு உரிமை உண்டு என்று மனப்பூர்வமாக நம்பித் திறந்தவருக்கு அந்த எண்ணம் இல்லை என்று வாதிடலாம், வலுவான வாதம்.

அத்துமீறலில் இந்த உரிமைக் கேள்வி இன்னும் கூடுதலாக உதவும். 329 என்பது உரிமையைவிட அனுபவத்தைப் பார்க்கும். அந்த அறை யார் வசம் இருந்தது? நம் பக்கத்து வளவு வீடுகளில் (முற்றம் வைத்த பெரிய வீடுகளில்) ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், ஓர் அறை, ஒரு சாவி. முகப்பும் பட்டாலையும் பொது. பாகப்பிரிவினை ஆகாமல் இருந்து, அந்த அறையில் உங்கள் அப்பச்சியின் (அப்பாவின்) பெட்டியோ பாத்திரமோ இருந்தால், ஒரு பங்குதாரர் பொது வீட்டுக்குள் நுழைந்ததை அத்துமீறல் என்று நிரூபிப்பது கடினம். ஆனால் ஐயா காலத்திலேயே கூர்ச்சீட்டு, அதாவது பங்கு பிரித்த சீட்டு, எழுதி அந்த அறையைப் பெரியப்பாவுக்கு ஒதுக்கியிருந்தால், பட்டா பொதுவாக இருந்தாலும் நிலைமை உங்களுக்கு எதிர். அந்தக் கூர்ச்சீட்டு இருக்கிறதா, யாரிடம் இருக்கிறது, அறையில் என்ன இருந்தது, கடைசியாக யார் திறந்தார்கள் என்பதை இன்றே எழுதி வையுங்கள். வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, பழைய கல்யாண, சாந்தி (அறுபதாம் கல்யாண) படங்களில் அந்த அறை தெரிந்தால் அதுவும் ஆதாரம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அறையிலிருந்து எதையும் வெளியே எடுக்காதீர்கள், எடுத்திருந்தால் விற்காதீர்கள். எனாமல் பாத்திரம், தேக்குத் தூண், பழைய நிலைக்கதவு என்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குப் போன ஒரு பொருளால் பூட்டு வழக்கு திருட்டு வழக்காக மாறலாம். குடியிருப்பு வீட்டில் திருடினால் 305-இன் கீழ் 7 வருடம் வரை சிறையும் அபராதமும். தம்பி நினைவுக்காக எதையாவது சிங்கப்பூர் கொண்டுபோக நினைத்தால் அதுவும் வேண்டாம். 100 வருடம் தாண்டிய கலைப்பொருளை, கட்டடத்திலிருந்து பெயர்த்ததையும் சேர்த்து, தனியார் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோவது 1972-இன் தொல்பொருள் சட்டப்படி குற்றம்: 6 மாதத்துக்குக் குறையாமல் 3 வருடம் வரை.

திட்டியதும் மிரட்டியதும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் அடிதடி எப்.ஐ.ஆர் எதை எடுத்தாலும் இந்த இரண்டும் இருக்கும். வெறும் வசவு ஆபாசம் ஆகாது, காமத்தைத் தூண்டும் தன்மை வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைப் பற்றிச் சொல்லியிருக்கிறது. பொது இடத்திலோ அதன் அருகிலோ பேசியிருக்கவும் வேண்டும். கோபத்தில் வாயில் வந்த ‘கொன்னுடுவேன்’ கேட்டவருக்கு உண்மையில் அச்சம் உண்டாக்கும் நோக்கத்தோடு வந்ததா என்பதை நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. சண்டையில் பெரியப்பா மகனின் மனைவி இருந்தாரா என்று மட்டும் கேட்டு வையுங்கள். பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் 1998-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின் பிரிவு 4 பின்னால் சேரக்கூடும். 2025 ஜனவரியில் சட்டமன்றம் அதன் தண்டனையைக் கூட்டித் திருத்தம் நிறைவேற்றியது, ஆகவே அது லேசான பிரிவு இல்லை.

கைது ஆவாரா? 7 வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் இயந்திரம் போலக் கைது செய்யக்கூடாது என்பது 2014-இன் அர்னேஷ் குமார் தீர்ப்பு. இப்போது சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 35(3)-இன்படி ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டும். அந்த நோட்டீஸ் வந்தால் வாங்கிக்கொண்டு, சொன்ன தேதியில் வக்கீலோடு போக வேண்டும். தலைமறைவாக இருப்பது மிகப் பெரிய தவறு. போகாமல் இருந்தால் அதுவே கைதுக்குக் காரணம். கைது செய்தால் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும்.

3(1) இருப்பதால் முன் ஜாமீன் போடுவதே நல்லது. சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 482-இல் சிவகங்கை மாவட்ட முதன்மை அமர்வு நீதிமன்றத்தில் முதலில், கிடைக்காவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில். ஊர் புதுக்கோட்டை மாவட்ட எல்லையில் இருந்திருந்தால் புதுக்கோட்டை போக வேண்டியிருக்கும். நம் செட்டிநாட்டு ஊர்கள் இரண்டு மாவட்டத்திலும் கிடப்பதால் இதில் குழம்புகிறவர்கள் உண்டு, காவல் நிலையம் எந்த மாவட்டமோ அதுதான் கணக்கு. மனுவில் பாகப்பிரிவினைத் தகராறு என்பதையும் காயம் சிறியது என்பதையும் தம்பி மீது வேறு வழக்கு இல்லை என்பதையும் ஆதாரத்தோடு சொல்ல வேண்டும். உங்கள் அம்மாவையோ உங்களையோ சாட்சியாக விசாரிக்க நிலையத்துக்கு வரச் சொன்னால் போக வேண்டியதில்லை. பெண்களையும் 60 வயது தாண்டிய ஆண்களையும் அவர்கள் இருக்கும் இடத்துக்கே வந்துதான் விசாரிக்க வேண்டும். வக்கீல் வைக்க வசதி குறைவு என்றால், பெண்கள் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி பெறலாம். 15100-க்குப் பேசலாம். குற்றம் சாட்டப்பட்டவர் தம்பி என்பதால் அவர் வருமானம்தான் அவருக்குப் பார்க்கப்படும், உங்களுக்குத் தனியாக வழக்கு வந்தால் இது உதவும்.

விசாரணை நடக்கும்போதே, 3(1) ஏன் பொருந்தாது என்று விளக்கி நிலைய ஆய்வாளருக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் எழுத்தில் மனு கொடுங்கள், ஒப்புகை வாங்கி வையுங்கள். அப்படியும் இறுதி அறிக்கையில் வந்தால், வழக்கு ஆவணங்களின் நகல் கையில் கிடைத்த 60 நாளுக்குள் விடுவிப்பு மனு போட வேண்டும். இந்தக் காலக்கெடு புதுச் சட்டத்தில் வந்தது. பழைய நினைப்பில் தவறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம், மற்ற நான்கிலும் முதல் குற்றம் என்ற நிலையில் அபராதமோ 1958-இன் நன்னடத்தைச் சட்டப்படி நன்னடத்தைப் பிணையில் விடுவதோ எதிர்பார்க்கலாம். குறைந்தபட்சத் தண்டனை எழுதிய பிரிவு நிலைத்தால் நீதிபதியின் கை கட்டப்பட்டுவிடும்.

சமாதானம் பற்றி. 115(2)-ஐயும் 329(4)-ஐயும் பாதிக்கப்பட்டவரே நீதிமன்றத்தில் சமரசம் செய்து முடிக்கலாம். 296, 3(1) இரண்டும் அப்படி முடியாது. ஊரில் பெரியவர்கள் முன் கையெழுத்துப் போட்டு ‘வாபஸ் வாங்கிவிட்டோம்’ என்று வந்தால் வழக்கு முடிந்துவிடாது. இரு தரப்பும் கூட்டு சமரச மனுவோடு மதுரைக் கிளையில் சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 528-இல் வழக்கை ரத்து செய்யக் கேட்க வேண்டும். குடும்பச் சொத்துத் தகராறில் எழுந்த இப்படிப்பட்ட வழக்குகளை, இரு தரப்பும் சமரசமானால் ரத்து செய்யலாம் என்று 2012-இன் கியான் சிங் தீர்ப்பு வழி வைத்திருக்கிறது. பெரியப்பா மகன் தரப்பில் யாரும் உங்கள் தம்பியை அடித்திருந்தால் நீங்களும் புகார் கொடுக்கலாம், உண்மையாக இருந்தால் மட்டும். பேரத்துக்காகப் பொய்ப் புகார் கொடுத்தால் சமாதானம்தான் தள்ளிப்போகும். கூடவே பாகப்பிரிவினை வழக்கையும் சிவில் நீதிமன்றத்தில் போட்டுவிடுங்கள். அறை யாருக்கு என்பதை எந்த நடுவரும் தீர்த்துவைக்க மாட்டார், அது தீராமல் அடுத்த படைப்புக்கும் இதே பூட்டு இருக்கும்.

கடைசியாக சிங்கப்பூர் டிக்கெட். எப்.ஐ.ஆர் போட்டதாலேயே பாஸ்போர்ட் செல்லாமல் போகாது. நீதிமன்றம் இறுதி அறிக்கையைக் கோப்பில் எடுத்த பிறகுதான் குற்ற வழக்கு நிலுவையில் உள்ளதாகக் கணக்கு. அதன்பின் புதுப்பிக்க வேண்டியிருந்தால் 1993-ஆம் ஆண்டு அரசாணைப்படி அந்த நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும். உடனடித் தடை வேறு இடத்திலிருந்து வரும். முன் ஜாமீன் கொடுக்கும்போது தினமும் காலையில் நிலையத்தில் கையெழுத்து என்று நிபந்தனை போடுவது இங்கே வழக்கம். அது இருக்கும்போது விமானம் ஏறினால் ஜாமீன் ரத்தாகும். அதனால் மனுவிலேயே வேலை அனுமதிச் சீட்டு, விடுப்பு முடியும் தேதி இரண்டையும் இணைத்து, நிபந்தனை நாட்களைக் குறைக்கக் கேளுங்கள். சில வாரம் கையெழுத்துப் போட்ட பிறகு தளர்த்தக் கேட்டும் மனு போடலாம். விமான டிக்கெட்டை இப்போதே தள்ளிப் போட்டுவிடுங்கள், தேதி மாற்றக் கட்டணம் குறைவாக இருக்கும்போதே.